முன் சீட்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அகிலன் விழித்துவிடுவான். அடிக்கட்டும் என்று படுத்திருப்பான். அடித்ததும் அணைப்பான். பல் துலக்கி, டிகாக்‌ஷன் இறங்கும்வரை அடுப்பருகே நின்று, பாலைக் காய்ச்சி, காபியை இரண்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றுவான். ஒன்றில் சர்க்கரை உண்டு. ஒன்றில் கிடையாது. கீழே இறங்கி, காரின் முன் கண்ணாடியில் படிந்திருக்கும் ஈரத்தை வைப்பர் போட்டு வழிப்பான். மௌரி அவென்யூவில் மளிகைக் கடைகள் இன்னும் திறந்திருக்காது. அவற்றைத் தாண்டி, கலாவதியின் அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்துவான். ஹாரன் அடிக்க மாட்டான். அவள் வருவாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்காருவாள். அவன் சர்க்கரை போட்ட ஃபிளாஸ்க்கைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டுவான். அவள் வாங்கிக்கொள்வாள்.

முன் சீட் காலியாக இருக்கும்.

இரண்டு வருடமாக இப்படித்தான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை. அதற்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். அகிலன் ஓட்டுவான். அவன் மனைவி பிரீத்தி பக்கத்தில். கலா பின்னால். மூன்று பேருக்கும் வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம். கலா எங்கே வேண்டுமானாலும் கார் ஓட்டுவாள், லாஸ் ஏஞ்சலிஸ்வரை தனியாகப் போய் வருவாள். விரிகுடாவின் குறுக்கே போகும் டம்பார்ட்டன் பாலத்தில் மட்டும் ஓட்ட மாட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தால் கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்புகிறது என்பாள். அதனால் ஆரம்பித்த கார்பூல். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது அவன் இருந்த டீமில் கலா சீனியர். அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். ஆபீஸ் அறிமுகம் என்பதால் அவனுக்கு அவள் கலாதான், கூடவே ‘நீங்க’. பிரீத்திக்கு முதல் நாளே கலாக்கா ஆகிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்த பிரீத்தி தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்கசிவு. ஞாயிறு காலையில் அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்று, கார் தானாகக் கலாவின் வாசலில் போய் நின்றது. அவள் வந்தாள். கை பின் கதவுக்குப் போனது. ஒரு கணம் அங்கேயே நின்றாள். பிறகு திறந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டேவிஸில் படிக்கும் அவள் மகள் அஞ்சனா ஒருமுறை லீவுக்கு வந்தபோது ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “அம்மா, ஹீ இஸ் நாட் யுவர் ஊபர்” என்றாளாம். கலா அதை அவனிடம் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மறுநாளும் பின்னால்தான் உட்கார்ந்தாள்.

அப்படியாக, இரண்டு வருடமாக அவன் அவளைக் கண்ணாடியில்தான் பார்த்தான். தலைக்கு மேலே தொங்கும் அந்தக் கையகலக் கண்ணாடியில் நெற்றியும் கண்களும் மட்டும் தெரியும். கார் பாலத்தின்மீது ஏறும்போது அந்தக் கண்கள் மூடிக்கொள்ளும். மூடுபனி நாட்களில் பாலத்துக்கு இரண்டு முனையும் இருக்காது. கீழே உப்பளங்கள் ஒரு நாள் பழுப்பாக, ஒரு நாள் ரோஜா நிறத்தில், ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் வெறும் வெண்மையாக இருக்கும். கார் எதன்மீதும் ஓடாமல் மிதப்பதுபோல் இருக்கும். அவனுக்கு நாளில் அந்த நேரம் மட்டும் பிடிக்கும். அழுகையும் வராது, தூக்கமும் வராது. பின்னால் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, கையில் சூடான காபியுடன் அவனை நம்பி உட்கார்ந்திருப்பாள். அது போதும்போல் இருந்தது. பாலம் முடிந்ததும், “தாண்டியாச்சு” என்பான். கண்கள் திறக்கும். கண்ணாடியில் முதலில் அவனைத்தான் பார்க்கும்.

இதற்கு என்ன பெயர் என்று அவன் யோசிக்கவில்லை. பெயர் வைத்தால் போய்விடும் என்று ஒரு பயம் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், பாலத்தின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டே அவள் சொன்னாள். டெக்ஸாஸில், கேட்டியில் இருக்கும் தம்பி செல்வராஜ் அவனுடைய கம்பெனியிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தானாம். இன்டர்வியூ முடிந்துவிட்டது. ஆஃபர் வந்துவிட்டது. தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வீடும் பார்த்துவிட்டான். புருஷனை விட்டுப் பிரிந்து பத்து வருஷமாச்சு, பெண்ணும் காலேஜுக்குப் போயாச்சு, இன்னும் எதற்காக அங்கே ஒண்டியாக என்பது அவன் கட்சி. அடுத்த திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“டெக்ஸாஸ்ல பாலம் இல்லையா?” என்று கேட்டான் அகிலன்.

“நான் போற வழியில இல்ல. கூகிள் மேப்ல பாத்துட்டேன்.”

அன்று தாண்டியாச்சு என்று சொல்ல அவன் மறந்துவிட்டான். ஆபீஸ் பார்க்கிங் வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

இது ஒரு பக்கம் இருக்க, கோபியிலிருந்து அம்மா விடாமல் ஜாதகம் அனுப்பிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு ஒரு வயதா, எத்தனை நாளைக்கு இப்படி இருப்பான் என்று. அவன் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்ததும், அம்மா கலாவைப் பிடித்தாள். பிரீத்தி இருந்த காலத்திலிருந்தே இருவரும் போனில் பேசுவார்கள். ஒருத்தி கோபி, ஒருத்தி கரூர், பேசுவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். நீதான் அம்மிணி அங்கே அவனுக்குக் கூடப் பொறந்தவளாட்டம், நீ சொன்னால் கேட்பான் என்றாள். சான் ரமோனில் ஒரு பெண் இருக்கிறாள். பையன் பக்கத்திலிருந்து பெரியவர்கள் யாராவது போக வேண்டும். கலாதான் போக வேண்டும். விவாகரத்தானவள் தட்டெடுத்துப் போகலாமா என்று கலா கேட்டாளாம். அமெரிக்காவில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

கலா இதைச் சொன்னபோது, முடியாது என்று சொல்லிவிடுவாள் என்று அகிலன் நினைத்தான். அவள் சரி என்று சொல்லியிருந்தாள். போகிற போக்கில் இதையாவது செய்துவிட்டுப் போகிறேனே என்றாள். கண்ணாடியில் அவள் கண்கள் ஜன்னல் பக்கம் இருந்தன.

சனிக்கிழமை மதியம் பட்டுப் புடவை கட்டி, மடியில் பழத்தட்டும் மல்லிகைப் பூவுமாகப் பின் சீட்டில் ஏறினாள். கார் முழுக்கப் பூ வாசனை. சுனோல் மலைகள் வெயிலில் காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தன.

பெண் வீட்டு வாசலில் கார் நின்றதும் பெண்ணின் அப்பா வேகமாக வந்தார். அரைக்கால் சட்டையும் காலர் வைத்த பனியனுமாக, வாயெல்லாம் சிரிப்பு. பின் கதவைத் திறந்து, வாங்க வாங்க என்று தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து டிரைவர் பக்க ஜன்னலில், வண்டியை அந்த ஓரத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்று அகிலனிடம் இங்கிலீஷில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு கலாவிடம் திரும்பி, “பையன் தனியா வர்றாருங்களா?” என்றார். கலா புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

“இவருதானுங்க பையன்.”

பாவம், அந்த மனிதர் அடுத்த ஒரு மணி நேரமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தகையில் தேங்காய்ப்பாலை ஊற்றும்போது கேட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றும்போதும் கேட்டார். பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள்தான் கலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பையனைப் பற்றி விசாரித்தாள்.

கலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோபம் வந்தால் கத்த மாட்டான், போய்க் காரைக் கழுவுவான். தயிர் புளித்தால் தொட மாட்டான். இடது பக்கக் கடைவாயில் மெல்ல மாட்டான், டாக்டரிடம் போகச் சொன்னால் அடுத்த வாரம் என்பான். காபிக்குச் சர்க்கரை போட்டுவிட்டால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவான், நாம்தான் கவனித்துப் போடாமல் இருக்க வேண்டும். அழ மாட்டான். அழுதால் நல்லது.

எதிர் சோஃபாவில் உட்கார்ந்து அகிலன் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் இருந்தது. இவ்வளவும் தன் பிடரியைப் பார்த்தே இவள் தெரிந்துகொண்டாளா என்று தோன்றியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தை முழுசாக, நேராகப் பார்த்தான். தாடையில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. காதோரம் நரை. பேசும்போது வலது கை தானாகக் காற்றில் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் முன்பும் இருந்தவைதான். இத்தனை நாள் எங்கே இருந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் தண்ணீருக்கடியில் இருந்துவிட்டு மேலே வந்ததுபோல் காது அடைத்தது. திங்கட்கிழமை மதியம் இவள் போகிறேன் என்று சொல்லிவிடுவாள். அதைத் தன்னால் தாங்க முடியாது என்று, யாரோ பக்கத்தில் வந்து சொன்னதுபோல் தெளிவாகத் தெரிந்தது.

“பையனுக்கு நீங்க அக்கா முறைங்களா?” என்று பெண்ணின் அம்மா கேட்டாள்.

கலா தட்டில் இருந்த சந்தகையைப் பார்த்தாள். “முறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றாள். “ஒரே கார்ல போறோம்.”

பிறகு பெண்ணையும் பையனையும் தனியாகப் பேசச் சொல்லிப் பின்கட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பெண்ணின் பெயர் தாமரைச்செல்வி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், அங்கே நோயாளிகள் அவளை டமாரா என்று கூப்பிடுகிறார்களாம். அவளே சொன்னாள். பிறகு, ஒன்று கேட்கலாமா என்றாள்.

“அப்பா உங்கள டிரைவர்னு நினைச்சதுல தப்பில்ல. அவங்க ஏன் பின்னாடி உக்காந்து வந்தாங்க?”

“பழக்கம்.”

“எவ்ளோ நாளா?”

சொன்னான். அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். உள்ளே கலா எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்காமலே தாமரைச்செல்விக்கு விளங்கிவிட்டதுபோல் இருந்தது.

“நான் நோ சொல்லிடறேங்க. பழி எம்மேல இருக்கட்டும்” என்றாள். “எங்க வீட்ல அது புதுசு இல்ல. அப்பா பாவம், இந்த முறை அவரு உங்கள டிரைவராக்கினதாலதான்னு நினைச்சுக்குவாரு. கொஞ்ச நாள் எனக்கு நிம்மதி.”

அவன் நன்றி என்றான். அந்த இடத்தில் அதைச் சொல்வார்களா என்று தெரியவில்லை. சொன்னான்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஃப்ரீவேயில் எல்லா வண்டிகளும் மெதுவாக, ஒரே திசையில், ஏதோ திருவிழாவுக்குப் போவதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. நல்ல பெண் என்றாள் கலா. நல்ல பெண்தான் என்றான் அவன். நோ சொல்லப்போகிறாள் என்றான். கண்ணாடியில் அவள் கண்கள் நிமிர்ந்தன. நீ என்ன சொல்லித் தொலைத்தாய் என்று கேட்டாள்.

“கேட்டிக்குப் போகாதீங்க, கலா.”

“எதுக்கு?” என்றாள்.

“ரெண்டு ஃபிளாஸ்க் போட்டுப் பழகிடுச்சு.”

“ஒண்ணைக் குறைச்சுக்கோ.”

“நான் காபியைச் சொல்லல.”

“தெரியுது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் மட்டும் வந்தது. “எனக்கு நாப்பத்தேழு, அகில். அஞ்சனாவுக்குப் பத்தொம்பது. உங்கம்மா என்னை அம்மிணின்னு கூப்பிட்டு, உனக்குப் பொண்ணு பாக்க அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு ராத்திரி போன் பண்ணுவாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“பொண்ணு பாத்தாச்சுன்னு சொல்லுங்க.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. பொண்ணாம், என்று முணுமுணுத்தாள்.

அவள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பூவை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாயிற்று; வாசனை மட்டும் காரைவிட்டுப் போகவில்லை. முன்னால் வந்து உட்காருங்கள், கொஞ்ச நேரம் பேசலாம் என்று அவன் கேட்டான். நேராக, திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“அந்த சீட்டைப் பாத்திருக்கியா நீ?” என்றாள். “எவ்ளோ முன்னாடி கிடக்குன்னு. அவ வெச்ச இடத்துலயே இருக்கு. அதுல நான் உக்காந்தா முட்டி டேஷ்போர்ட்ல இடிக்கும். தள்ளணும். ரெண்டு வருஷமா நீ அதைத் தள்ளல. தூசி துடைக்கற, தள்ளல. அதுல வந்து நான் எப்படிடா உக்கார்றது?”

இறங்கிப் போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அகிலன் பார்க்கிங்கில் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தான். அவனுக்கே முட்டி இடித்தது. பிரீத்தி குள்ளம். கால் பாதி சீட்டுக்குத்தான் வரும். ஆனாலும் இவ்வளவு முன்னால் எதற்கு இழுத்து வைத்திருந்தாள் என்று தோன்றியது. தலைக்கு மேலே மடங்கியிருந்த வெயில் தடுக்கும் பலகையை இறக்கினான். அதில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் பின் சீட் முழுசாகத் தெரிந்தது. பிரீத்தி இதை இறக்கிவைத்துக்கொண்டுதான் பின்னால் பேசுவாள். மூலையில் கலாவின் சாம்பல் நிறச் சால்வை மடித்துக் கிடந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது; பாதிக் கனவில் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. கார்பூல் ஆரம்பித்த முதல் வாரமோ என்னவோ. பின்னால் ஏறிய கலா காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒடுங்கி உட்கார்ந்தாள். பிரீத்தி கண்ணாடியில் அதைப் பார்த்தாள். இரு கலாக்கா, என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் கைவிட்டு லீவரைத் தூக்கி, சர்ரென்று முன்னால் வந்தாள். எனக்கென்ன, எனக்கு இருக்கிற காலுக்கு இதுவே ஜாஸ்தி, கலாக்காவுக்குத்தான் கால் நீளம் என்றாள். அகிலன்கூட, அப்படியே எஞ்சினுக்குள்ளே போய் உட்கார்ந்துக்கோ என்று கிண்டல் செய்தான். அன்றைக்கு இழுத்த சீட்.

கையை அடியில் விட்டான். லீவர் சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெளியே யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தூக்கவில்லை. தனியாகச் செய்கிற காரியமாக அது தோன்றவில்லை. கண்ணிலிருந்து என்னவோ இறங்கி மோவாய்வரை வந்தது. துடைக்காமல் விட்டான்.

திங்கட்கிழமை மூடுபனி. மௌரி அவென்யூவின் சிக்னல் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் பச்சையும் சிவப்புமாகத் தொங்கின. அகிலன் கலாவின் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். இதுவரை இறங்கியதில்லை. சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் படியிறங்கி வந்தாள். பாதி வழியில் பார்த்துவிட்டாள். நடை நிற்கவில்லை, மெதுவாயிற்று. பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள்; முதலில் உயரம், பிறகு பை, பிறகு முகம். கண், தாடை, தழும்பு எல்லாம் சேர்ந்த முகம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் காலி சீட்.

“அவ இதை முன்னால இழுத்தது உங்களுக்காகத்தான்” என்றான் அவன். “நேத்துதான் ஞாபகம் வந்துச்சு.”

“எனக்கு மறக்கவே இல்லையே” என்றாள்.

வரும் வழியில் அவன் மனதுக்குள் அவள் எத்தனையோ சொல்லியிருந்தாள். தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு சிக்னலில் சொன்னாள். ஊர் என்ன சொல்லும் என்று இன்னொன்றில். மௌரியைத் தாண்டியபோது ஒன்றும் சொல்லாமல் அவன் கன்னத்தைத் தொட்டாள். அவளே இல்லாமல், கதவை அவனே திரும்பச் சாத்திவிட்டு, ஒற்றை ஆளாகப் பாலத்தில் ஏறியதும்கூட மனதுக்குள் ஒருமுறை நடந்தது. அது எதுவும் இங்கே நடக்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். டேஷ்போர்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். உண்மையில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

“நீயே தள்ளு. நல்லா பின்னால தள்ளு. எனக்குக் கால் நீளம்.”